ஆற்றோரம் சும்மா நடந்த நாகலெட்சுமி

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இருபத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு நாகலெட்சுமியை முதன்முதலாகச் சந்தித்தேன். நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்று நான் ஒரு பாதையை அளந்துகொண்டிருந்தேன் என்பதே. ஒவ்வொரு திருப்பத்திலும் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நடந்தேன்.

கல்லுமேட்டுத் தோட்டத்தின் தொழிலாளர் வீட்டு வரிசையான கடைசி லயத்தைக் கடந்து கீழே இறங்கினால் ஓர் ஆறு வரும். வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை. அதன் கரையை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை, பழைய தொங்குபாலம் வரை ஆறு கிலோமீற்றர் போகிறது. எங்கள் தலவாக்கலை நடைக்குழு அந்தப் பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கவிருந்தது. குழுவின் தலைவர் ஸுஹைர், நகரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். "டொக்டர் நடக்கச் சொல்லீக்கிறார் மாஸ்டர். டவுனுக்குள்ள நடந்தா ஆளாளுக்கு மறிச்சி மூணங்குல ஆணி என்ன வெலைண்டு கேக்கிறாங்க" என்பது அவர் குழுவைத் தொடங்கியதற்குச் சொன்ன காரணம். பாடசாலையில் தமிழ் கற்பிப்பவன் என்பதால், வழிக்குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மூன்றாவது திருப்பத்தில் ஒரு பெண் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் ஒரு சிறிய விறகுக்கட்டு. அதில் இரண்டு விடயங்கள் எனக்குப் பொருந்தாதவையாகத் தோன்றின. முதலாவது, விறகு பொறுக்குகிறவர்கள் காட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இவரோ லயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டை நோக்கிக் கொண்டுபோனார். இரண்டாவது, அந்த விறகில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது.

"வெறகு எங்க போகுது?" என்று கேட்டேன்.

அவர் நின்று, கட்டைக் கீழே இறக்கிவைத்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, அட்டைக்குப் பயந்து சவர்க்காரம் பூசியிருந்த என் கோலம் அவருக்கு ஒரு துணிச்சலைக் கொடுத்திருக்க வேண்டும்.

"சேருக்கு நல்ல கண்ணு. வாச்சரு மூணு வருசமா கேக்காத கேள்விய வந்ததும் கேட்டுப்புட்டீங்க" என்று சிரித்தார்.

செய்தி இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் யாரோ ஆற்றங்கரையில் மரம் வெட்டி விற்றுவிட்டார்கள். அதன்பின், விறகு பொறுக்கத் தவிர வேறெதற்காகவும் தோட்டத்து ஆட்கள் அங்கே நடமாடக்கூடாது என்று நிர்வாகம் கட்டளையிட்டது. நாகலெட்சுமிக்கோ ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆற்றோரம் நடக்க வேண்டும். எனவே ஒரு கட்டு விறகைப் பாதையின் தொடக்கத்தில் புதரில் ஒளித்துவைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் தலையில் ஏற்றிக்கொள்வார். காவல்காரர் எதிர்ப்பட்டால் அது பதில் சொல்லும். மூன்று ஆண்டுகளாக அதே கட்டு.

"வேறெதற்காக நடக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சும்மாத்தாங்க."

நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். "வாங்க, வந்தா ஒங்களுக்கே வெளங்கும்" என்று சொல்லி, விறகைப் புதரில் தள்ளிவிட்டு முன்னே நடந்தார்.

நாகலெட்சுமி பதினெட்டு வயதில் கொழுந்தெடுக்கத் தொடங்கியவர். கணவர் சின்னராசா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவரும் கொழும்பில். எட்டு ஆண்டுகளுக்கு முன் கொழுந்து மலையில் குளவி கொட்டி, பதினொரு நாள் வைத்தியசாலையில் கிடந்தார். நூல்கள் பெருந்தேனீ என்று சொல்லும் அந்தப் பூச்சிக்குத் தோட்டத்தில் குளவி என்றே பெயர். குணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, அவை எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கக் கிளம்பிவிட்டார்.

"பயமில்லையா?"

"பயந்தாங்க. ஆனா கொட்டுனது யாரு, எந்த ஊரு, எந்த லயம்னு விசாரிக்க வேணாமா?"

அவ்வாறு விசாரிக்கப் போனவர் குளவிகளை ஆற்றங்கரை மணலில் கண்டார். வெயில் ஏறிய பின் அவை கூட்டமாக வந்து ஈரமணலில் நீர் குடித்துவிட்டுப் போகும். போகும் திசையை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிறிது தூரம் தொடர்ந்து, ஆறு வாரத்தில் கூட்டைக் கண்டுபிடித்தார். ஆற்றோரத்தில் நின்ற பெரிய டர்பன்டைன் மரத்தின் உச்சிக் கிளையில் நான்கு கூடுகள் தொங்கின. மாசி பிறந்ததும் வருவார்கள், சித்திரை மழை இறங்குமுன் போய்விடுவார்கள் என்று அவர் குளவிகளை உயர்திணையில் சொன்னார். குளவியைத் தேடி வந்த இடத்தில் வேறு பலவும் கண்ணில் பட்டன. அவற்றை விட்டுவர முடியவில்லை.

அன்று அவர் எனக்குக் காட்டியவற்றில் சிலவற்றை மட்டும் இங்கே குறிக்கிறேன். ஒரு பாறையின்மேல் உலர்ந்து கிடந்த நீர்நாயின் எச்சம். குச்சியால் அதைக் கிளறி, நண்டின் ஓட்டுத் துண்டுகளை எனக்கு எண்ணிக் காட்டினார். ஆறு கலங்கியிருக்கும் நிறத்தைப் பார்த்து, மேலே எந்த மலையில் புல்லு வெட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார். பிறகு விசாரித்தபோது அது சரியாகவே இருந்தது. எல்லாவற்றிலும் என்னை வியக்கவைத்தது ஒரு பாறைக்குழி. நீரோட்டம் சுழன்று சுழன்று குடைந்த, குடம் போன்ற உருண்டையான குழி அது. அதற்குள் கிடந்த ஒரு வெள்ளைக்கல்லை எடுத்துத் தம் சுட்டுவிரலோடு சேர்த்துப் பிடித்தார்.

"இது நான் போட்டதுங்க சேர். போடுறப்ப இந்த ரேகைக்கு வந்துச்சு. மூணு வருசத்துல ஒரு நெல்லு அளவுக்குத் தேஞ்சிருக்கு. கல்லுதான் குழியத் தோண்டுதா, குழிதான் கல்லத் தேய்க்குதான்னு பாக்குறேன்."

"எது என்று நினைக்கிறீர்கள்?"

"ரெண்டுந்தான் போல. இன்னும் பத்து வருசமாவது பாத்தாத்தான் சொல்ல ஏலும்."

தூரத்தை அவர் மீற்றரில் சொல்வதில்லை. கொழுந்தெடுப்பவர் ஒருவருக்குப் பிரித்துவிடப்படும் தேயிலை வரிசைக்கு நிரை என்று பெயர், பேச்சில் 'நெரை'. "அந்தப் பாறைக்கு இங்கிருந்து ரெண்டு நெரை தூரம்" என்பார். நான் நாடாவை விரித்து அளந்தேன். முதல் இடத்தில் ஒரு நிரை அறுபது மீற்றர். அடுத்த இடத்தில் நாற்பத்தைந்து. இது எப்படி என்று கேட்டேன்.

"ஏத்தத்துல நெரை சின்னதுங்க. கூடையத் தூக்கிப் பாருங்க, தெரியும்" என்றார்.

நான் அதை எழுதிக்கொண்டேன். வழிக்குறிப்பில் மீற்றரையே போட்டேன்.

பாதி வழியில் அந்தப் பெரிய டர்பன்டைன் மரம் வந்தது. அடியில் ஒரு கல், அதில் மஞ்சளும் குங்குமமும், பக்கத்தில் துருப்பிடித்த சூலம். முனியாண்டி. "இங்க எல்லாரும் சூடம் கொளுத்திக் கும்பிட்டுட்டுத்தான் தாண்டுவாங்க. குளவி வந்துட்டா மட்டும் கொளுத்தப்படாது, வெறுங் கும்புடுதான். பொகை மேல போனா அவங்க கீழ எறங்கிருவாங்க. கோவிச்சுக்காத சாமி, மழ வரட்டும்னு சொல்லிட்டுப் போயிருவேன்" என்றார். அன்று கிளைகளில் கூடு ஒன்றும் இல்லை. அவர் சூடம் கொளுத்தினார். நான் இரண்டு செய்தியையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

திரும்பும் வழியில் எங்கள் குழு அனுமதி கேட்கப் போவதைச் சொன்னேன். அவர் நடையை நிறுத்தினார்.

"குடுத்தா தோட்டத்து ஆளுங்களும் நடக்கலாமா?"

"கேட்டுப் பார்க்கலாம்."

"அத மறக்காம கேளுங்க சேர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்த ஆத்தோரத்துல யாருக்கும் பதில் சொல்லாம நடக்கணும்."

கேட்டோம். பெப்ரவரி இறுதியில் அனுமதி கிடைத்தது. ஞாயிறும் பௌர்ணமிப் போயா நாளும் பாதை எல்லோருக்கும் திறந்திருக்கும். தோட்டத்து ஆட்களும் தடையின்றி நடக்கலாம். நிபந்தனை இரண்டு: குழுவாக வருபவர்களுடன் தோட்டத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் இருக்க வேண்டும், ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் அனுமதி இரத்தாகும். வழிகாட்டியாக நாகலெட்சுமியை நாங்கள் முன்மொழிந்தோம். மேலாளரான தோட்டத்துரை ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை நாகலெட்சுமியின் லயத்துக் காம்பராவில் தேநீர் குடித்தோம். சின்னராசா என்னிடம் இரகசியம் சொல்வதுபோல் மனைவிக்குக் கேட்கும்படி சொன்னார்: "கல்யாணம் கட்டுறப்ப இவளுக்கு ஆத்துல சொந்தக்காரங்க இருக்காங்கன்னு ஒருத்தரும் சொல்லல சேர்." காவல்காரர் கந்தப்பனும் அங்கே இருந்தார். "அந்த வெறகுக் கட்ட நானும் மூணு வருசமா பாக்குறேன். போனவாட்டிக்கு இந்தவாட்டி கொஞ்சம் வளந்த மாதிரிகூட இருந்துச்சு" என்றார். நாகலெட்சுமி தலையிலடித்துக்கொண்டு, "அட பாவி, தெரிஞ்சேவா என்னையச் சொமக்க விட்ட?" என்று கேட்டார். கட்டை அன்றே அடுப்பில் வைத்தார்கள். ஊறிப்போயிருந்ததால் அது புகைந்ததே தவிர எரியவில்லை.

முதல் நடை மார்ச் பத்தொன்பதாம் திகதி. அதற்கு முந்திய வாரம் இரண்டு பக்க வழிக்குறிப்பை எழுதி முடித்து, முப்பத்திரண்டு பிரதி எடுத்து, பங்குபற்றுவோருக்கு அனுப்பினேன். தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகப் பலவற்றை வெட்டினேன். முனியாண்டியைப் பற்றிய பகுதியில், 'இவ்விடத்தில் சூடம் ஏற்றி வணங்கிச் செல்வது வழக்கம். விரும்புவோர் சூடம் கொண்டுவரலாம்' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டேன். குளவி பற்றிய வாக்கியத்தை நீக்கினேன். ஒன்று வழக்கம், மற்றது அவருடைய சொந்த நம்பிக்கை என்று பிரித்துக்கொண்டேன். நாகலெட்சுமிக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வழி தெரிந்தவருக்கு வழிக்குறிப்பு எதற்கு?

நடையன்று காலை வானம் தெளிவாக இருந்தது. நாகலெட்சுமி புதுச் சேலை கட்டி, மேலே, மழையில் கொழுந்தெடுக்கும்போது போர்த்தும் பழைய படங்கு விரிப்பைச் சுற்றியிருந்தார். முதல் இரண்டு கிலோமீற்றர் அவர்தான் முன்னால் போனார். நகரத்து மனிதர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். நீர்நாய் கடிக்குமா, இந்தப் பூவைச் சாப்பிடலாமா, வெள்ளைக்கல்லை நாங்கள் தொடலாமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தெரியாதவற்றுக்குத் தெரியாது என்றார்.

பிறகு ஸுஹைரின் மனைவி ரஸீனாவின் செருப்பு அறுந்தது. கூடவே ஓர் அட்டை கணுக்காலில் ஏறியது.

"நீங்க போங்க மாஸ்டர். இவட செருப்பு நான் வாங்கிக் குடுத்தது. இத சொல்லிச் சொல்லியே ஏசுவா, கேட்டுட்டு வாரன்" என்றார் ஸுஹைர்.

"இரும்புக்கடக்காரர் வாங்கின செருப்பு. ஆணியடிச்சாவது தந்தீக்கலாம்" என்றார் ரஸீனா.

நாகலெட்சுமி அட்டையைப் பிடுங்கவும் கொடியால் செருப்பைக் கட்டவும் உட்கார்ந்தார். "மெதுவா போங்க சேர். முனியாண்டி திருப்பத்துக்கு முன்னால நில்லுங்க, நான் வந்துருவேன்" என்று என்னிடம் சொன்னார். நான் தலையசைத்தேன். ஆனால் முன்னால் போனவர்கள் கையில் என் குறிப்பு இருந்தது. அதில் நிற்கச் சொல்லி எழுதியிருக்கவில்லை. அவர்கள் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். பின்னால் போய்ச் சேர்ந்த எனக்கும், வந்தது வந்துவிட்டோம், காத்திருக்கும் நேரத்தில் வழிபட்டுவிடலாம் என்று பட்டது. முதல் சூடத்தை ஏற்றியவன் நான். எனக்குப் பின் ஏழெட்டுப் பேர் ஏற்றினார்கள். புகை நேராக மேலே போனது. அண்ணாந்து பார்த்தபோதுதான் கிளையில் கரிய பலகைகள்போல ஐந்து கூடுகள் தொங்குவதைக் கண்டேன். அவற்றின் மேற்பரப்பு அலைபோல அசைந்தது.

அதற்குப் பின் நடந்தவை எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் முடிந்தவை. பாதையில் ஓடிவந்துகொண்டே நாகலெட்சுமி கத்தும் குரல் கேட்டது. "ஓடாதீங்க! செடிக்குள்ள படுங்க! கைய வீசாதீங்க, மூஞ்சிய மூடுங்க!" ஆட்கள் பக்கத்துத் தேயிலைச் செடிகளுக்கடியில் புகுந்தார்கள். அவர் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனார். ஆற்றின் ஈரமணலை இரு கையாலும் அள்ளி அள்ளி, எரிந்த சூடம் ஒவ்வொன்றின்மேலும் போட்டார். புகை நின்றது. பிறகு குப்புறக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் தொட்டு, தவழ்ந்தே கீழே நகரச் செய்தார். குளவி கொட்டிய ஆறு பேரை வைத்தியசாலையில் சேர்க்க நேர்ந்தது. இரண்டு நாளில் எல்லோரும் வீடு திரும்பினார்கள். ஏழாவதாகச் சேர்ந்திருக்க வேண்டியவர் நாகலெட்சுமிதான். கைகள் இரண்டும் வீங்கியிருந்தன. போக மறுத்துவிட்டார்.

புதன்கிழமை தோட்ட அலுவலகத்தில் விசாரணை. ஸுஹைரையும் என்னையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நாகலெட்சுமி நின்றார். தோட்டத்துரை நிதானமானவர்; தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார்.

"குளவி இருக்கிற இடத்தில் நெருப்பு வைக்கச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

என் சட்டைப்பையில் அந்த இரண்டு பக்கக் குறிப்பு மடிந்திருந்தது. நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் நாகலெட்சுமி பேசிவிட்டார்.

"ஒருத்தரும் சொல்லலீங்க தொரை. அங்க எல்லாரும் கொளுத்துறது வழக்கம். குளவி காலத்துல கொளுத்தப்படாதுன்னு நான்தான் எடுத்துச் சொல்லணும். மறந்துட்டேங்க."

"மறந்ததா? எட்டு வருசமா பார்க்கிற ஆள் மறந்ததா?"

"மனுசருக்கு மறக்குந்தானுங்களே."

துரை என்னைப் பார்த்தார். "மாஸ்டர், அப்படித்தானா?"

நான் "ஆம்" என்று சொல்லவில்லை; "இல்லை" என்றும் சொல்லவில்லை. அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். பாதை திறந்திருக்கும். நாகலெட்சுமி இனி வழிகாட்டியல்லர். அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த துஷாந்த் அந்தப் பொறுப்பை ஏற்பார். ஆண்டுதோறும் குளவிக் காலத்தில் அந்த மரத்தை விலகிச் செல்ல மேலே ஒரு சுற்றுவழி வெட்டப்படும்.

வெளியே வந்ததும் ஸுஹைர் வாகனத்தை எடுக்கப் போனார். படியில் நானும் நாகலெட்சுமியும் மட்டும் நின்றோம்.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்? நீங்கள் எனக்குச் சொன்னது என் குறிப்பேட்டில் இருக்கிறதே" என்றேன்.

"தெரியுங்க. ஆளுங்க கையில இருந்த கடதாசியையும் பாத்தேன். டவுன் ஆளுங்க கடதாசியில எழுதி நெருப்பு வைக்கச் சொன்னாங்கன்னா, தொரை பாதைய மூடிருவாரு. கூலியாளு மறந்துட்டான்னா ஆள மட்டும் மாத்துவாரு." வீங்கிய விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். "பாதை தெறந்துதானே இருக்கு. அது போதும்."

"இது நியாயமில்லை. ஆறு மாதம் போகட்டும். பாதை நிலைத்த பிறகு நானே வந்து துரையிடம் உண்மையைச் சொல்கிறேன். இது என் வாக்கு."

"சரிங்க சேர், பாத்துச் செய்யுங்க" என்றார்.

ஆறு மாதம் கழிந்தது. பாதை நிலைத்துவிட்டது. உடப்புசல்லாவையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நான் ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் அலுவலகத்துக்குப் போக நினைத்தேன். முதலில் இன்னும் சற்றுப் பொறுக்கலாம் என்று தோன்றியது. பிறகு இவ்வளவு பிந்தி ஏன் என்று கேட்பார்களே என்று தோன்றியது. அடுத்த ஆண்டு அந்தத் துரை வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார்.

இதற்கிடையில் நாகலெட்சுமியை ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் சந்தித்தேன். ஆறு நாள் கொழுந்தெடுத்துவிட்டு ஏழாம் நாள் ஆற்றோரம் வருவார். இப்போது அவரைப் போல இன்னும் சில பெண்களும் வந்தார்கள். அவருடைய கேள்விகள் கூடிக்கொண்டே போயின. மாசியில் வருகிற குளவி, சென்ற ஆண்டு தொங்கிய அதே கிளையில் வந்து இறங்குகிறது. ஆனால் போனவையும் வந்தவையும் ஒன்றல்ல, அவற்றின் ஆயுள் அவ்வளவு இல்லை என்று அவர் யாரிடமோ கேட்டறிந்திருந்தார். அப்படியானால் புதியவற்றுக்கு வழி சொன்னது யார்? "ஒங்க பள்ளிக்கூடத்துல விஞ்ஞானம் படிச்சுக் குடுக்குறவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க சேர்." நான் கேட்டேன். அவர்களுக்கும் திட்டமாகத் தெரியவில்லை. அதைச் சொன்னபோது அவர் ஏமாற்றமடையவில்லை. ஒரு வகையில் மகிழ்ந்தார் என்றே நினைக்கிறேன்.

2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவழி பிரியும் இடத்தில் நாங்கள் இருவரும் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தோம். துஷாந்த் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்து வந்தார். எங்களுக்கு முதுகு காட்டி நின்று, உரத்த குரலில் விளக்கினார்.

"இந்தக் காலத்துல மரத்தடிக்குப் போகக் கூடாது, நெருப்பு வைக்கவே கூடாது. முதல்ல வழிகாட்டுன அம்மா இதச் சொல்ல மறந்துட்டாங்க. அதனால ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க."

திரும்பியவர் எங்களைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு பெண், "எப்பிடி மறப்பாங்க அதப் போய்?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.

"நான்தாங்க அது" என்றார் நாகலெட்சுமி. "தம்பி சரியாத்தான் சொல்றாரு. நெருப்புப்பெட்டி இருந்தா அவருகிட்டக் குடுத்துட்டுப் போங்க. சத்தம் போடாம நடங்க."

அவர்கள் வரிசையாக மேலே ஏறினார்கள். கடைசி ஆள் மறையும்வரை நான் பாறையில் இருந்தேன். சொல்வதற்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள், நேரம் இருந்தது, என் வாய் இருந்தது. நாகலெட்சுமி ஒரு தடவையேனும் என் பக்கம் திரும்பி, இப்போதாவது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆற்றுப்பக்கம் கையைக் காட்டினார்.

"எந்திரிங்க சேர். அந்தப் பக்கம் மணல்ல புதுசா ஒரு காலடி இருக்கு. காலையிலருந்து பாக்குறேன், யாருதுன்னு புடிபடல."

நான் அவர் பின்னால் இறங்கினேன்.